மழைக்கணக்கை வைத்து மலேரியாவை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? – ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம்

சங்குமால் | அக்டோபர் 6, காலை 10.15
பத்து வருஷத்து மாதாந்திர மழை, வெப்பநிலை, மலேரியா பாசிட்டிவ் எண்ணிக்கை மூன்றையும் ஒரு கணினிக் கணக்கு மாடலுக்குள் போட்டுப் பார்த்தேன். கோடு நன்றாகவே பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழை இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் இத்தனை கேஸ் வரும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிடலாம். அந்த ஊரில் புகை மருந்து அடித்துவிட்டால் வேலை முடிந்தது. இதை ஏன் யாரும் செய்வதில்லை?

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 6, மதியம் 1.40
பத்து வருஷத்தையும் கொடுத்துவிட்டு அதே பத்து வருஷத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கோடும் பொருந்தும். முதல் எட்டு வருஷத்தை மட்டும் கொடுங்கள். கடைசி இரண்டை மறைத்து வைத்து, அதைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் பேசுவோம்.

இன்னொன்று. பாசிட்டிவ் எண்ணிக்கையை மட்டும் எடுத்தீர்களா, எத்தனை ஸ்லைடு (கண்ணாடித் தகட்டில் ரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தீர்களா? ஆள் பற்றாக்குறை இருந்த வருஷத்தில் ஸ்லைடு பாதியானால் பாசிட்டிவும் பாதியாகும். மாடல் அதைப் பார்த்து "மழை குறைந்ததால் மலேரியா குறைந்தது" என்று கற்றுக்கொள்ளும். நூறு பேருக்கு வருஷம் பத்து ஸ்லைடாவது எடுக்காத ஊர்க் கணக்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 6, இரவு 9.05
மேலே விட்டுப்போனது. மழையிலிருந்து கேஸ் வரைக்குமான இடைவெளியை மாடல் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள், கையால் போட்டுவிடலாம். முட்டையிலிருந்து கொசுவாக சுமார் 10 நாள். அது நோயாளியைக் கடிக்க 3 நாள். கொசுவுக்குள் கிருமி முதிர 8 நாள். கடிபட்ட ஆளுக்குக் காய்ச்சல் வர வைவாக்ஸ் வகை மலேரியாவில் இரண்டு வாரம். அவர் மாத்திரைக் கடையைத் தாண்டி ஸ்லைடு வரைக்கும் வந்து சேர 5 நாள். மொத்தம் 40 நாள். அக்டோபர் கடைசி மழை டிசம்பர் தொடக்கத்தில்தான் பதிவேட்டில் ஏறும். உங்கள் மாடல் இரண்டு வார இடைவெளி காட்டினால் அது வேறு எதையோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓலைக்குடா | அக்டோபர் 7, காலை 7.30
அண்ணே, மழையே பெய்யாத மார்ச், ஏப்ரலிலும் இங்கே கேஸ் வருகிறதே. அதை எந்த மழையில் சேர்ப்பது?

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 7, மாலை 6.20
தம்பி கேட்டதுதான் மூலக் கேள்வி.

இந்தத் தீவில் மலேரியாக் கொசு மழைத்தண்ணீரை நம்பி இல்லை, மனுஷன் வைத்திருக்கும் தண்ணீரை நம்பி இருக்கிறது. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களில் ஸ்டீபென்சி என்பது உறைகிணறு, சிமெண்ட் தொட்டி, மூடி சரியில்லாத மேல்நிலைத் தொட்டி இவற்றில் முட்டையிடும். குலிசிஃபேசிஸ் என்ற இன்னொரு அனாபிலிஸ் சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டும் குழியில் வரும். ஊற்றுத் தண்ணீர் அடியிலேயே கிடப்பதால் அந்தக் குழி கோடையிலும் வற்றுவதில்லை. கன்று வைக்கிற காலத்தில்தான் குழி அதிகம். கனமழை வந்தால் குழி நிரம்பி வழிந்து புழு அடித்துக்கொண்டு போவதும் உண்டு. மழை கூடினால் கொசு கூடும் என்ற ஒற்றைக் கோட்டை இங்கே போட்டால் பாதி வருஷம் தலைகீழாகச் சொல்லும்.

ஆகவே மாடலுக்குள் முதலில் போக வேண்டியது மழை அளவு அல்ல, தண்ணீர் பட்டியல். ஒவ்வொரு கிணறு, தொட்டி, குழிக்கும் ஒரு எண், போனில் எடுத்த இடக்குறி, வகை, மூடி உண்டா, தினம் எவ்வளவு இறைக்கிறார்கள். புழுவைப் பார்க்கும்போது சின்னப் புழு, பெரிய புழு, கூட்டுப்புழு மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். பறந்து வரப்போகும் கொசுவுக்கு நெருக்கமான கணக்கு கூட்டுப்புழுதான். நூறு சின்னப் புழுவில் பெரும்பாலானவை கொசுவாகாமலேயே போகும்.

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 7, மாலை 6.50
"அனாபிலிஸ் புழு இருந்தது" என்று எழுதிவிட்டு நிறுத்தினால் போதாது. கடற்கரை உப்புத்தண்ணீர்ப் பள்ளத்தில் கொத்துக்கொத்தாகக் கிடப்பது பெரும்பாலும் சப்பிக்டஸ் என்ற, ஆபத்துக் குறைந்த வேறொரு அனாபிலிஸ். அதையும் ஸ்டீபென்சியையும் ஒரே பத்தியில் போட்டால் மாடல் உப்பங்கழியைப் பெரிய ஆபத்து என்று காட்டும், மருந்தெல்லாம் அங்கே போகும். கொஞ்சம் புழுவை வளர்த்துக் கொசுவாக்கிப் பார்த்து எந்த இனம் என்று குறித்தாக வேண்டும்.

சங்குமால் | அக்டோபர் 9, இரவு 10.40
சரி, தண்ணீர் பட்டியல் எடுக்கலாம். ஆனால் மலேரியா பரவலைக் கணக்கிடும் மெக்டொனால்டு சூத்திரப்படி புழுவைக் கொல்வதை விட வளர்ந்த கொசுவைக் கொல்வதுதானே லாபம்? கொசுவின் தினசரி பிழைப்பு விகிதம் அடுக்குக்குறியில் இருக்கிறது. புழு வெறும் பெருக்கலில்தான் இருக்கிறது.

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 10, காலை 8.10
சூத்திரம் அப்படித்தான் சொல்கிறது. தெரியாதவர்களுக்காகக் கணக்கைப் பிரித்துப் போடுகிறேன்.

கொசுவின் பரப்பும் திறன் = ஆள் ஒருவருக்கு எத்தனை கொசு × ஒரு கொசு தினம் மனிதனைக் கடிக்கும் விகிதத்தின் வர்க்கம் × கிருமி முதிரும் நாள் வரை அது உயிரோடிருக்கும் வாய்ப்பு × அதன் பிறகு மிச்சமிருக்கும் ஆயுள்.

கிருமி முதிரும் நாள்: வைவாக்ஸுக்கு 105-ஐ, சராசரி வெப்பநிலையிலிருந்து 14.5 கழித்த எண்ணால் வகுக்கவும். 28 டிகிரியில் 7.8 நாள். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு மலேரியா வகைக்கு 111-ஐ, 16 கழித்த எண்ணால் வகுத்தால் 9.25 நாள்.

8 நாள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 80 கொசு அடுத்த நாளைப் பார்க்கிறது என்றால் கடைசி இரண்டு பகுதிகளின் பெருக்கல் 0.75. அதை 70 ஆக்கினால் 0.16. நாலரை மடங்குக்கு மேல் இறக்கம். ஆயுள் குறைவதால் கொசு எண்ணிக்கையும் குறையும், அதையும் சேர்த்தால் ஏழு மடங்கு. புழுவைப் பாதியாக்கினால் இரண்டு மடங்குதான். காகிதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஆனால் 80-ஐ 70 ஆக்குவது யார்? சுவரில் மருந்து அடித்தால் அந்தச் சுவரில் கொசு வந்து உட்கார வேண்டும். ஓலைக்குடிசையில் ஓலை மாற்றினால் மருந்தும் போச்சு. கோடையில் பாதிப் பேர் மாடியிலும் வாசலிலும் படுக்கிறார்கள். நைஜீரியாவில் கார்க்கி என்ற இடத்தில் 1969 முதல் 1976 வரை உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. வீடுகளில் புரோபாக்ஸர் என்ற கொசு மருந்து அடித்தார்கள், மக்களுக்கு மொத்தமாக மாத்திரையும் கொடுத்தார்கள். பரப்பும் திறன் சுமார் 90 சதவீதம் விழுந்தது, பரவல் நிற்கவில்லை. நூறில் பத்து மிச்சமிருந்தாலும் அங்கே போதுமானதாக இருந்தது. சூத்திரம் தப்பில்லை. எந்த உயரத்திலிருந்து இறங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தத் தீவின் நிலைமை வேறு. தண்ணீர் நிற்கும் இடங்கள் குறைவு, இடம் மாறாது, தேடினால் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் புழு ஒழிப்புக்கு மேல் எதுவும் கிடையாது என்பது என் கட்சி.

கீழக்கரைக்காரன் | அக்டோபர் 10, மதியம் 2.25
புகை மருந்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. வண்டி வரவில்லை என்றால் இங்கே கவுன்சிலர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும்.

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 10, இரவு 8.45
காக்கா, கணக்கே போட்டுவிடுவோம். ஒரு தடவை அடித்தால் அன்றைக்கு இருக்கிற கொசுவில் நூற்றுக்கு 30 சாகிறது என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் தவறாமல் அடித்தால் தினசரி பிழைப்பு 80-லிருந்து 76 ஆகும். பரப்பும் திறன் 46 சதவீதம் இறங்கும். எண்ணிக்கைக் குறைவு தனி. மாதம் ஒரு தடவை அடித்தால் 79-க்குத்தான் வரும். இறக்கம் 14 சதவீதம். புகார் வந்த தெருவில் மட்டும் ஒரு தடவை அடித்தால் மாடலில் அதைத் தேட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் புகை நின்றால். காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் புகை கொசு மேல் நிற்காது. பாம்பனில் அதைத் தாண்டாத சாயங்காலம் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பாதி மருந்து பாக் ஜலசந்திக்கு அடித்ததுதான்.

ஓலைக்குடா | அக்டோபர் 12, காலை 6.55
வாரம் ஒரு தடவை கிணற்றில் அபேட் என்ற புழு மருந்து ஊற்றுகிறார்கள். அப்படியும் புழு இருக்கிறது. மருந்து கலப்படமா?

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 12, மாலை 7.15
கலப்படம் என்று சொல்வதற்கு முன்னால் கிணற்றை அளந்து பாருங்கள்.

ஒரு மீட்டர் குறுக்களவு உறை, ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீர்: சுமார் 1,180 லிட்டர். குடிக்கும் தண்ணீரில் டெமிஃபாஸ் (அபேட்டில் இருக்கும் மருந்து) லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 சதவீத மருந்தில் கிணறு முழுவதற்கும் அது கிட்டத்தட்ட இரண்டரை மில்லிதான். நாலு வீடு சேர்ந்து தினம் 600 லிட்டர் இறைக்கிறது, இறைத்த அளவு ஊறி வருகிறது என்றால் ஒவ்வொரு நாளும் மருந்து பாதியாகும். மூன்றாம் நாள் 12 சதவீதம், ஏழாம் நாள் ஒரு சதவீதம் கூட இல்லை. யாரும் இறைக்காத பாழ்கிணற்றில் அதே மருந்து வாரக்கணக்கில் நிற்கும்.

மாடலில் "அபேட் பலன் 7 நாள்" என்று எல்லாக் கிணற்றுக்கும் ஒரே எண் போடுவது அதனால்தான் சரிவராது. கிணற்றை இறைப்பு அளவு வைத்து மூன்று வகையாகப் பிரியுங்கள்: தினம் பாதிக்கு மேல் மாறுவது, கால்வாசி மாறுவது, அசையாதது. அசையாததில் மருந்து. அதிகம் இறைப்பதில் வலை மூடி அல்லது புழு தின்னும் கம்பூசியா மீன். மீன் கொஞ்சம் உப்பையும் தாங்கும். ஆனால் வாளியில் ஏறிப் போய்விடும், கிணறு தூர் வாரினால் போச்சு. மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்து மீன் இருக்கிறதா என்று பட்டியலில் குறிக்க வேண்டும். கம்பூசியாவைக் கிணற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊருணியில் விட்டால் மற்ற மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும்.

பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற ஆளை வாரம் ஒரு தடவை என்று பதிவதும் உண்டு. 28, 30 டிகிரியில் முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் போதும். ஏழாம் நாள் சுற்றுக்கும் பத்தாம் நாள் சுற்றுக்கும் மாடலில் இருக்கும் வித்தியாசம் மூன்று நாள் அல்ல, ஒரு முழுத் தலைமுறைக் கொசு.

சங்குமால் | அக்டோபர் 15, இரவு 11.30
அப்படியென்றால் கொசு அளவுகோல்களே நம்ப முடியாதவை. ஏற்கெனவே முட்டையிட்ட கொசுவின் பங்கை வைத்துத்தான் பிழைப்பு விகிதத்தைக் கணக்கிடுகிறோம். கருமுட்டைப் பை அறுத்துப் பார்த்ததில் பாதிக் கொசு முட்டையிட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் குடித்து முட்டையிடும் சுற்று 2.5 நாளா 3 நாளா என்ற அரை நாள் சந்தேகத்தில் பிழைப்பு விகிதம் 76-லிருந்து 79 ஆகிறது, பரப்பும் திறன் 1.7 மடங்கு ஆகிவிடுகிறது. இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 16, காலை 9.00
1.7 சரியில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சுற்று நீண்டால் கொசு கடிப்பதும் குறைகிறதே. கடி விகிதம் 3-க்கு 2.5 என்று இறங்கி, அது வர்க்கமாகும்போது 0.69. இரண்டையும் பெருக்கினால் 1.2 மடங்குதான். ஒரே அளவு இரண்டு இடத்தில் வரும்போது ஒரு இடத்தில் மட்டும் மாற்றக் கூடாது.

பெரிய ஓட்டை அதில் இல்லை, மனித ரத்த விகிதத்தில் இருக்கிறது. நூறு கொசுவில் எத்தனை மனித ரத்தம் குடித்தது என்பது 10-ஆ 20-ஆ என்று தெரியாவிட்டால், வர்க்கத்தால் நான்கு மடங்கு வித்தியாசம். ஆட்டுக்கொட்டிலில் பிடித்த கொசுவை மட்டும் சோதித்தால் குறைவாகக் காட்டும், படுக்கையறையில் பிடித்ததை மட்டும் சோதித்தால் கூடுதலாகக் காட்டும். இரண்டு இடத்திலும், வெளியிலும் பிடிக்க வேண்டும்.

ஆனாலும் மாடல் பயன்படும். எத்தனை கேஸ் வரும் என்று கேட்டால் நான்கு மடங்குச் சந்தேகம் அப்படியே பதிலில் வந்து நிற்கும். சவுக்குக் குழியை மூடுவது முதலிலா, தொட்டிக்கு மூடி போடுவது முதலிலா என்று கேளுங்கள். சந்தேகமான எண்ணைக் குறைந்த பட்சத்திலும் கூடிய பட்சத்திலும் வைத்து ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே வரிசை வந்தால் முடிவெடுத்துவிடலாம். வரிசை மாறினால் எந்த எண்ணால் மாறுகிறதோ அதைப் போய் அளந்துகொண்டு வாருங்கள். என்னைக் கேட்டால் மாடலின் முக்கால்வாசி உபயோகம் இதுதான்.

கீழக்கரைக்காரன் | அக்டோபர் 16, மாலை 5.10
யானைக்காலுக்கும் இதே கணக்கா?

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 16, இரவு 10.20
இல்லை. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பெருகும். யானைக்கால் புழு கொசுவுக்குள் வளரும், பெருகாது. ஒருவருக்கு நோய் பிடிக்க எக்கச்சக்கக் கடி வேண்டும். கொசுவும் வேறு, சாக்கடைக் கியூலெக்ஸ். உடம்புக்குள் தாய்ப்புழு வருஷக்கணக்கில் வாழ்ந்து குட்டி போடுவதால், டிஇசி, ஆல்பெண்டசோல் மாத்திரையை வருஷம் ஒரு தடவையாக ஐந்து வருஷமாவது எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. லிம்ஃபாசிம் என்ற மாடலை ராட்டர்டாம் பல்கலைக்கழகத்தாரும் புதுச்சேரி கொசு ஆய்வு மையத்தாரும் சேர்ந்து புதுச்சேரி டேட்டாவில்தான் அளவு பார்த்துச் செய்தார்கள். வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள் காக்கா, இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 19, காலை 10.45
கொசுவையே பேசிக்கொண்டிருக்கிறோம். வைவாக்ஸில் பாதிக் கதை ஈரலில் இருக்கிறது.

மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரை ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஈரலில் தூங்கும் கிருமி சாகாது. அதற்குப் பிரைமாகுயின், கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 14 நாள். 60 கிலோ ஆளுக்குத் தினம் 15 மில்லிகிராம். நாலாவது நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் மிச்ச மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும். சில வாரத்திலோ பல மாதம் கழித்தோ அதே ஆளுக்குக் கொசு கடிக்காமலே காய்ச்சல் திரும்பும், அவரிடமிருந்து கொசுவுக்கும் போகும்.

மாடலில் இது என்ன செய்கிறது? முதல் காய்ச்சலில் ஒருவர் சராசரி 0.7 பேருக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பரவல் தானே அடங்கிவிட வேண்டும். ஒரு தடவை திரும்பி வந்து அப்போதும் 0.7 பேருக்குக் கொடுத்தால் மொத்தம் 1.4. அடங்காது. கொசுவில் எதுவுமே மாறவில்லை, மாத்திரைதான் பாதியில் நின்றது. சங்குமால் போட்ட மாடலில் நோயாளிக்கு "குணமானவர்" என்ற ஒரே பெட்டிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். "குணமானவர், ஆனால் ஈரலில் கிருமி உண்டு" என்று இன்னொரு பெட்டி கட்டாயம்.

கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. ஜி6பிடி என்ற ரத்த நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தம் சிதையும். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி போக வேண்டும். இந்த ஆட்களையும் மாடலில் தனியாக வையுங்கள், அவர்களுக்கு நோய் திரும்பிக்கொண்டுதான் இருக்கும்.

ஓலைக்குடா | அக்டோபர் 19, மதியம் 12.30
விசைப்படகு ஆள் வாரம் மூன்று ராத்திரி கடலில். மாத்திரை வீட்டில்.

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 19, இரவு 9.50
அதையும் சேர்க்க வேண்டும். மூன்று ராத்திரி கடலில் இருப்பவருக்கு அந்த மூன்று ராத்திரியும் கரைக்கொசு கடிக்காது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கடி விகிதம் போட்ட மாடல் இங்கே ஆண்களின் ஆபத்தைக் கூட்டிச் சொல்லும், வீட்டிலிருப்பவர்களின் ஆபத்தைக் குறைத்துச் சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் எல்லா ராத்திரியும் கரையில்தான். தடைக்காலத்தைத் தனிப் பருவமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். அதோடு 14 நாள் மாத்திரையைத் தொடங்கி முடிக்க அதைவிட வசதியான காலமும் கிடையாது, ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். மற்ற நாளில் படகில் ஏறும்போதே அந்த மூன்று நாள் மாத்திரை சட்டைப்பையில் போக வேண்டும்.

சங்குமால் | அக்டோபர் 23, இரவு 8.15
ஈரல் பெட்டி சேர்த்தேன், மழையை எடுத்துவிட்டேன். இப்போது மாடல் "அடுத்த மாதம் 0.4 நோயாளி" என்கிறது!

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 23, இரவு 10.00
அந்த 0.4 ஆளுக்கு 0.4 மாத்திரை கொடுங்கள்.

எண்ணிக்கை குறைந்த ஊரில் சராசரி மாடல் இப்படித்தான் உளறும். பகடை உருட்டுவது போல ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு விடை தரும் குருட்டுவாய்ப்பு மாடலாக மாற்றி ஆயிரம் தடவை ஓட்டுங்கள். எத்தனை ஓட்டத்தில் பரவல் தானே அணைந்தது, எத்தனையில் பத்துப் பேரைத் தாண்டியது என்று எண்ணுங்கள். எமோட், ஓப்பன்மலேரியா எல்லாம் நல்ல மென்பொருள்தான், ஆனால் அவை கேட்கிற உள்ளீடு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திடம் இருக்காது. ஆர் என்ற கணினி மொழியில் இருநூறு வரி போதும்.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்றால் இதோ: ஒவ்வொரு நோயாளியும் வெளியூரிலிருந்து கொண்டுவந்தாரா, இங்கே பிடித்ததா என்று பயண விவரத்தை வைத்துப் பிரியுங்கள். 40 பேரில் 12 பேர் கொண்டுவந்தது என்றால் பரவல் எண் (ஒரு நோயாளி சராசரி எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது) = 1 − 12/40 = 0.7. பரவல் எண் 0.5 என்றால் வெளியிலிருந்து வரும் ஒரு நோயாளியால் மொத்தம் 2 பேர், 0.8 என்றால் 5, 0.9 என்றால் 10. 0.8-க்கும் 0.9-க்கும் நடுவே செலவழிக்கும் காசுதான் அதிகம் பேசும். ஒரு எச்சரிக்கை: பழைய வைவாக்ஸ் திரும்பியதை உள்ளூர்ப் பரவல் என்று எழுதினால் எண் வீணாக ஏறும். போன வருஷப் பதிவேட்டில் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீழக்கரைக்காரன் | அக்டோபர் 24, காலை 7.05
கேஸ் பூஜ்யம் ஆன பிறகும் இதையெல்லாம் செய்ய வேண்டுமா?

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 24, மாலை 6.40
எதிர்க்கரையைப் பாருங்கள் காக்கா. இலங்கையில் 1963-ல் மொத்தமே 17 கேஸ். தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1968, 69-ல் லட்சக்கணக்கில் திரும்பியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2012-க்குப் பிறகு உள்ளூர்க் கேஸ் இல்லாமல் ஆக்கி, 2016-ல் உலக சுகாதார நிறுவனச் சான்றிதழ் வாங்கினார்கள். அதே வருஷக் கடைசியில் மன்னாரில் ஸ்டீபென்சி புழு அகப்பட்டது, கிணற்றில். அதற்கு முன் அந்த நாட்டில் அந்தக் கொசு இருந்ததாகவே கணக்கில்லை. எங்கிருந்து போனது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கடற்படை கொசுவை மறிப்பதில்லை.

நோயாளி பூஜ்யம் என்றால் மாடலில் ஒரு பெட்டி காலி, அவ்வளவுதான். தண்ணீர் பட்டியல் அப்படியே இருக்கிறது.

சங்குமால் | அக்டோபர் 28, இரவு 9.35
பட்டியல் எடுக்க டிபிசி (வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும்) ஆட்களோடு போகப் போகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போக?

சவுக்குத்தோப்பு | அக்டோபர் 28, இரவு 10.50
350 மில்லி பிடிக்கும் வெள்ளை அகப்பை, தொட்டிக்கும் குழிக்கும். கிணற்றுக்குக் கயிறு கட்டிய வலை அல்லது வாளி. நிழல் விழாமல் ஓரமாக இறக்க வேண்டும், நிழலைக் கண்டால் புழு அடிக்குப் போய்விடும், இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து மறுபடி எடுக்க வேண்டும். டார்ச். அளவு நாடா. அழியாத பெயிண்ட், எண் எழுத. புழு வளர்க்க மூடியுள்ள டப்பா.

ஏணி கட்டாயம். வீட்டுக்காரரிடம் கேட்டால் இல்லை என்பார், மேல்நிலைத் தொட்டி பார்க்காமலே "புழு இல்லை" என்று பட்டியலில் ஏறிவிடும். பார்க்காததற்குப் "பார்க்கவில்லை" என்று தனிக் குறி வையுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பூட்டிய வீடுகளுக்கும் அதே குறி. அந்தக் குறி பத்தில் ஒன்றைத் தாண்டினால் அந்தத் தெருவை மாடலில் சேர்க்காமல் மறுபடி போய்ப் பாருங்கள்.